ஜிக்மாஸ்டர் 500: ஐந்து கார்பன் வாஷர் போட்டும் டிராக் நாலு கிலோவைத் தாண்டவில்லை

ஜூன் 7, இரவு 9:40, மணல்மேடு

பழைய பென் ஜிக்மாஸ்டர் 500, கடல் தூண்டில் ரீல். டிராக்கில், அதாவது மீன் இழுக்கும்போது லைனைப் பிடித்துப் பிடித்து விடும் பிரேக்கில், மூன்று வாஷர் அடுக்கைக் கழற்றிவிட்டு ஐந்து கார்பன் வாஷர் அடுக்கு போட்டாச்சு. கூடவே அடுக்கின் நடுவில் போகும் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (குழல்), லைன் சுற்றும் பிளாஸ்டிக் ஸ்பூலுக்குப் பதில் அலுமினிய ஸ்பூல். 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் லைன்), முன்னால் 40 பவுண்டு நரம்பு (ஒற்றை இழை நைலான்) 30 மீட்டர். லைன் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்குதான் டிராக் வைக்கணும் என்பதெல்லாம் தோல் வாஷர் காலத்துக் கணக்கு, இந்த மாதிரி அப்கிரேட் செய்த ரீலில் டிராக்கை இறுக்கும் நட்சத்திரத் திருகான ஸ்டாரை முறுக்கிவிட்டு மறந்துவிடலாம் என்பது என் கட்சி. ஆனால் ஒன்று உதைக்கிறது. தராசில் மாட்டி இழுத்தால் எவ்வளவு முறுக்கினாலும் நாலு கிலோ, நாலரை கிலோ. அதற்கு மேல் ஏறவே இல்லை. இதற்கா ஐந்து கார்பன்? லைன் ஓடும்போது சத்தம் போடும் கிளிக்கர் வேறு ஒரு நேரம் அடிக்கிறது, ஒரு நேரம் அடிப்பதில்லை. பழைய ரீல்தானே, அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 7, இரவு 10:55, பல்சக்கரம்

கட்சி அப்புறம். முதலில் அடுக்கைப் பாருங்க.

கியர் கிண்ணத்தின் அடியிலிருந்து: கார்பன், ஸ்லீவ் வாஷர், கார்பன், காது வாஷர், கார்பன், ஸ்லீவ் வாஷர், கார்பன், காது வாஷர், கார்பன், எல்லாவற்றுக்கும் மேலே தடித்த ஸ்லீவ் வாஷர். நடுத்துளையின் ஓரம் தட்டையாக இருப்பது ஸ்லீவ் வாஷர், அது ஸ்லீவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வெளிவிளிம்பில் காது நீட்டியிருப்பது காது வாஷர், அது கியரோடு சேர்ந்து சுற்றும். ஒவ்வொரு கார்பனுக்கும் ஒரு பக்கம் நிற்கிற உலோகம், மறுபக்கம் ஓடுகிற உலோகம் இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வகை வந்துவிட்டால் அந்தக் கார்பன் சும்மா உட்கார்ந்திருக்கும், வேலை செய்யாது. வரிசை தவறினால் ஐந்து போட்டும் மூன்றின் பலன்தான், சில சமயம் அதுவும் இல்லை.

அடுக்கு சரி என்றால் அடுத்த சந்தேகம் ஸ்டாருக்கு அடியில். ஸ்டார் திருகித் திருகி உள்ளே போய், வாஷரை அழுத்துவதற்கு முன்பே எங்கேயாவது முட்டி நின்றுவிடுகிறதா? அடுக்கின் உயரம் கால் மில்லிமீட்டர் குறைந்தாலும் இது நடக்கும். முறுக்கும்போது கைக்கு "டக்" என்று இரும்பில் இரும்பு முட்டின மாதிரி தெரிந்தால் அதுதான். ஸ்பிரிங் வாஷருக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்று சேர்த்தால் தீர்ந்தது. நேர் எதிரான கோளாறும் உண்டு: அடுக்கு உயர்ந்துவிட்டால் ஸ்டார் வெளியே வந்து கைப்பிடியில் இடிக்கும், டிராக்கை முழுதாகத் தளர்த்தவே முடியாது.

ஜூன் 7, இரவு 11:10, பல்சக்கரம்

ஒரு கணக்கு விட்டுப்போச்சு. அதே அழுத்தத்தில் மூன்று உரசல் தட்டுக்குப் பதில் ஐந்து என்றால் பிடிமானம் ஐந்துக்கு மூன்று, அதாவது சுமார் 67 சதவீதம் கூடவேண்டும். பழைய அடுக்கில் நாலு கிலோ வந்தது என்றால் இப்போது அதே முறுக்கில் ஆறரை வரவேண்டும்.

ஜூன் 8, காலை 7:15, உப்புக்காத்து

அண்ணே, கார்பனுக்குக் கிரீஸ் போட்டாரா என்று கேளுங்க. நான் பார்த்த ரீலில் பாதி அல்வா கிண்டின மாதிரி இருக்கும்.

ஜூன் 8, காலை 8:30, பல்சக்கரம்

நியாயமான கேள்வி. டிராக் கிரீஸ் கார்பனின் இரண்டு முகத்திலும் தேய்த்து, துணியால் துடைத்து எடுத்துவிடணும். துடைத்த பிறகு பளபளப்பு மட்டும் மிச்சம் இருந்தால் போதும். உலர்ந்த கார்பன் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் உப்புத் தண்ணீர் உள்ளே போய் நடுவில் இருக்கிற உலோக வாஷர் துரு ஏறினால், அந்தக் கூடுதல் பிடி முதல் இழுப்பில் வெடுக்கென்று வெட்டும். கிரீஸ் போட்டது இழப்பது கொஞ்சம், தருவது சீரான ஓட்டம். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ், இஞ்சின் ஆயில் இரண்டும் கூடாது. சூட்டில் இளகி ஓடிவிடும். அப்புறம் டிராக் வழுக்குகிறது என்று கார்பனைக் குறை சொல்லிப் பயனில்லை.

உலோக வாஷரையும் விடாதீங்க. அச்சில் வெட்டி எடுத்த வாஷருக்கு ஒரு பக்க விளிம்பு மழுங்கியும் மறுபக்கம் பிசிறோடும் இருக்கும். நகத்தால் வருடினால் தெரியும். கண்ணாடித் துண்டின்மேல் 400 நம்பர் தண்ணீர்த்தாளை வைத்து எட்டு வடிவில் பத்து முறை தேய்த்தால் பிசிறும் போகும், வளைவு இருந்தால் எங்கே தேயவில்லை என்பதும் கண்ணுக்குத் தெரியும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்த முயலாதீங்க. மாற்றுங்க.

ஜூன் 8, மாலை 6:05, மணல்மேடு

திறந்து பார்த்தேன் அண்ணே. வரிசை நீங்க சொன்ன மாதிரியே இருக்கு. கிரீஸ் கொஞ்சம் அதிகம்தான், துடைத்துவிட்டேன். ஸ்டார் எங்கேயும் முட்டவில்லை, முறுக்க முறுக்கக் கனமாகிக்கொண்டே போகிறது. திரும்ப மூடி இழுத்தால் மறுபடியும் நாலு புள்ளி மூன்று. ஸ்டாரில் இன்னும் அரைச் சுற்று வைத்தேன். நாலு புள்ளி இரண்டு. குறைகிறது!

ஜூன் 8, இரவு 9:20, பல்சக்கரம்

எப்படி அளந்தீங்க? அதைக் கேட்காமல் இவ்வளவு தூரம் வந்தது என் தப்பு.

பெட்டி தூக்கிப் பார்க்கும் லக்கேஜ் தராசு என்றால், அது பெரும்பாலும் உச்ச எண்ணைப் பிடித்து நிறுத்திக் காட்டும். அந்த எண் டிராக் புறப்படும்போது வந்த எண். ஓடும்போது வருவது வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளணும். ராடை ஒருவர் பிடிக்கணும், நுனி தரையிலிருந்து 45 பாகை. மற்றவர் தராசோடு நடக்கிற வேகத்தில் பின்னால் போகணும். முதல் இரண்டு மூன்று மீட்டரைக் கணக்கில் எடுக்காதீங்க. பிறகு முள் நிற்கும் இடம் ஓட்ட எண். மூன்று முறை இழுத்து நடு எண்ணை எடுங்க. புறப்படும் எண் ஓட்ட எண்ணைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தால் வாஷரில் கோளாறு இன்னும் மிச்சம்.

தராசு இல்லாதவர்களுக்குப் பக்கெட் முறை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நாலரை லிட்டர் ஊற்றினால் பக்கெட்டின் எடையோடு ஏறத்தாழ ஐந்து. மாடியிலிருந்து தொங்கவிட்டு, பக்கெட் இறங்க ஆரம்பிக்கும் வரை ஸ்டாரைத் தளர்த்தினால் டிராக் ஐந்து கிலோ.

ஜூன் 9, காலை 6:50, பல்சக்கரம்

பக்கெட் பற்றி நேற்று எழுதியதில் திருத்தம். இறங்க ஆரம்பிக்கும் புள்ளி புறப்படும் எண்தான், நான் வேண்டாம் என்று சொன்ன அதே எண். சரியான முறை இது: பக்கெட்டைக் கையால் மெல்லக் கீழே தள்ளிவிடுங்க. தள்ளிய பிறகு ஒரே வேகத்தில் இறங்கினால் ஓட்ட எண் பக்கெட்டின் எடைக்குச் சமம். வேகம் ஏறிக்கொண்டே போனால் டிராக் குறைவு, நின்றுவிட்டால் அதிகம். கீழே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளவும்.

ஜூன் 9, காலை 7:30, உப்புக்காத்து

கீழ் வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருந்தால் அதையும்.

ஜூன் 9, மதியம் 1:10, பல்சக்கரம்

67 சதவீதம் என்று அன்றைக்கு எழுதியதையும் முழுதாக நம்பவேண்டாம். அப்கிரேட் கிட்டோடு 5:1 கியர் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஐந்து சுற்று) வந்ததா? ஜிக்மாஸ்டரின் சொந்தக் கியர் 4:1. டிராக் உட்கார்ந்திருப்பது பெரிய கியரில், மீன் இழுப்பது ஸ்பூலில், நடுவில் பினியன் என்ற சின்ன கியர். வாஷரின் பிடிமானத்தைக் கியர் விகிதத்தால் வகுத்தால்தான் ஸ்பூலில் கிடைக்கும் பிடிமானம். நாலிலிருந்து ஐந்துக்குப் போனால், வாஷர் அளவு மாறாதவரை, ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அப்போது மொத்த லாபம் 67 இல்லை, 33தான். வேகக் கியர் வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. கடைக்காரரும் சொல்வதில்லை.

ஜூன் 9, இரவு 8:45, மணல்மேடு

ஆமாம், 5:1. ஆனால் 33 சதவீதமாவது கூடணுமே? ஸ்பிரிங் தராசு ஒன்று வாங்கினேன். ஸ்டார் தளர்வாக இருக்கையில் இரண்டு கிலோவில் அழகாக ஓடுகிறது, கிளிக்கரும் கிர்ர்ரென்று அடிக்கிறது. மூன்றரையிலும் சரி. அதற்கு மேல் முறுக்கினால் நாலு சொச்சத்தில் நின்றுபோகிறது, சனியன் கிளிக்கரும் அமுங்கிவிடுகிறது.

ஜூன் 9, இரவு 9:02, பல்சக்கரம்

கண்டுபிடிச்சாச்சு. முதல் நாளே நீங்க எழுதியிருக்கீங்க, நான்தான் கிளிக்கர் தனிக்கதை என்று தாண்டிப் போய்விட்டேன்.

கிளிக்கரின் நாக்கு ஸ்பூலின் பக்கத்தில் இருக்கும் பல்லில் அடிக்கிறது. ஸ்பூல் சுற்றினால் சத்தம் வந்தே தீரும். லைன் வெளியே போகிறது, சத்தம் இல்லை என்றால் ஸ்பூல் சுற்றவில்லை. ஸ்பூல் சுற்றாமல் லைன் எப்படிப் போகும்? ஸ்பூலின் நடுத்தண்டின் மேல் பிரெய்டு முழுக்க ஒரே உருளையாக வழுக்கிச் சுற்றுகிறது. புது அலுமினிய ஸ்பூல், வழவழப்பான பூச்சு, அதன்மேல் பிரெய்டை நேராக முடிச்சுப் போட்டிருக்கீங்க. பிரெய்டு நீளாது, தண்டைக் கவ்வாது. மூன்றரை வரைக்கும் டிராக் முதலில் இளகியது. நாலு கிலோவில் முடிச்சு முதலில் இளகுகிறது. அதற்கு மேல் ஸ்டாரை வீடு கட்டும் அளவு முறுக்கினாலும் தராசுக்குத் தெரியப்போவதில்லை.

உறுதி செய்ய: ஸ்பூல் விளிம்பில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்க. ஸ்டாரை நன்றாக முறுக்கி இழுங்க. புள்ளி அசையாமல் லைன் வந்தால் முடிந்தது கதை.

ஜூன் 10, காலை 6:20, மணல்மேடு

புள்ளி அப்படியே நிற்கிறது. லைன் வருகிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜூன் 10, காலை 7:00, பல்சக்கரம்

பிரெய்டு முழுவதையும் இறக்குங்க. அடியில் 15 மீட்டர் நரம்பு சுற்றுங்க, அது இழுபட்டுத் தண்டைக் கவ்வும். அதன் முனையில் பிரெய்டைக் கட்டுங்க. இடம் போதாது என்றால் தண்டின்மேல் ஒட்டுத்துணி டேப் ஒரே ஒரு சுற்று. டேப்பின் ஓரம் ஸ்பூல் சுவரில் ஏறக்கூடாது, ஏறினால் லைன் ஒரு பக்கம் மேடாகும்.

அடுத்தது எல்லாரும் அவசரப்படும் இடம். பிரெய்டைத் திரும்பச் சுற்றும்போது ஈரத்துணியில் பிடித்து ஒன்று, ஒன்றரை கிலோ இழுப்பில் சுற்றணும். விரல் காய்ந்த நிலையில் பிடித்தால் அறுக்கும். தளர்வாகச் சுற்றினால் முதல் பெரிய இழுப்பில் மேல் சுற்று கீழ் சுற்றுக்குள் புதைந்து பூட்டிக்கொள்ளும். அப்போது நேர் எதிர் நோய்: ஸ்டார் தளர்வாக இருந்தும் டிராக் ஓடாது, நரம்பு அறும். வழுக்கினால் மீன் தப்பும், அவ்வளவுதான். பூட்டிக்கொண்டால் ராடே போகலாம்.

ஜூன் 12, இரவு 9:30, மணல்மேடு

சுற்றியாச்சு அண்ணே. இப்போது டிராக் ஏறுகிறது. ஏறுவது மட்டுமில்லை, கால் சுற்றில் மூன்றிலிருந்து ஒன்பதுக்குத் தாவுகிறது. நடுவில் ஐந்தில் நிறுத்த முடியவில்லை. ஆனாலும் ஒன்பது கிலோ! என் கட்சி ஜெயித்தது. முறுக்கிவிட்டு மறந்துவிடப் போகிறேன்.

ஜூன் 12, இரவு 10:40, பல்சக்கரம்

இனி கட்சிக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு போதும்.

உங்கள் ஸ்பூல் நிறைந்திருக்கையில் லைனின் விட்டம் 64 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், ஆரம் 32. லைனில் ஐந்து கிலோ இழுப்பை எதிர்த்துச் சுற்றணும் என்றால், 5:1 கியர், கைப்பிடியின் நீளம் 75 மி.மீ., குமிழில் நீங்க கொடுக்கவேண்டிய அழுத்தம் ஐந்து பெருக்கல் 32 பெருக்கல் ஐந்து வகுத்தல் 75. பத்தரை கிலோவுக்கு மேல். உரசல் இழப்பைச் சேர்க்காமலே. ஒன்பது கிலோ என்றால் 19 கிலோ. ஒவ்வொரு சுற்றுக்கும். அரிசி மூட்டையைக் கையால் ஆட்டிக்கொண்டே இருப்பதற்குச் சமம். ராடைத் தூக்கி, இறக்கும்போது சுற்றுவதற்கு இதுதான் காரணம். 100 மி.மீ. கைப்பிடி போட்டால் ஐந்து கிலோவுக்கு எட்டு கிலோ அழுத்தத்தில் முடியும். அப்கிரேட் பட்டியலில் கார்பனுக்கு அடுத்து அதைத்தான் வைக்கணும்.

இரண்டாவது, லைன். உங்கள் சங்கிலியின் பலவீனமான கண்ணி 40 பவுண்டு நரம்பு, 18 கிலோ. பிரெய்டும் நரம்பும் சேரும் முடிச்சு நன்றாகப் போட்டிருந்தால் எண்பது சதவீதம் தாங்கும் என்று கணக்கு வைப்பேன். பதினாலரை. இப்போது மீன் ஓடி ஸ்பூலில் விட்டம் 64இலிருந்து 40க்கு இறங்கிவிட்டது. வாஷரின் பிடிமானம் மாறவில்லை, ஆரம்தான் குறைந்தது. ஐந்து கிலோவாக வைத்த டிராக் அங்கே எட்டு. ஒன்பதாக வைத்தது 14.4. முடிச்சு அறுகிற இடத்தில் நிற்கிறீங்க. இதற்கு மேல் தண்ணீருக்குள் இழுபடும் லைனின் பாரம், வளையங்களில் உரசல். நாலில் ஒரு பங்கு என்பது தோல் வாஷருக்காக வைத்த கணக்கில்லை. லைனுக்காக வைத்த கணக்கு. லைன் மாறாதவரை கணக்கும் மாறாது.

18 கிலோவில் 25லிருந்து 30 சதவீதம் என்றால் நாலரையிலிருந்து ஐந்து புள்ளி நாலு வரை. ஐந்தில் நிறுத்துங்க.

ஜூன் 12, இரவு 11:15, உப்புக்காத்து

அண்ணே ஒரு சந்தேகம். ஸ்பூல் குறைந்து டிராக் எட்டாகும்போது கியரும் எட்டு கிலோவைத் தாங்கணுமே? ஜிக்மாஸ்டர் தாங்குமா?

ஜூன் 13, காலை 6:40, பல்சக்கரம்

கியருக்குச் சுமை அதிகமாகாது. கியர் பார்ப்பது முறுக்குவிசையை, அது அப்படியே இருக்கிறது. லைனில் கிலோ கூடினாலும் ஆரம் அதே அளவு குறைந்துவிட்டது. ஸ்பூல் தண்டும் பக்கத் தட்டும்தான் அந்தக் கூடுதல் இழுப்பைத் தாங்கணும். பழைய பக்கத் தட்டு வளைந்தால் பினியன் கியரை விட்டு மெல்ல விலகி, பல் நுனியில் மட்டும் கடிக்கும். ஒற்றைத் துண்டு அலுமினிய ஃபிரேம் போடுவது அழகுக்காக இல்லை, இதற்காகத்தான். ஃபிரேம் மாற்றாத ஜிக்மாஸ்டரில் நிறைந்த ஸ்பூலில் ஏழு கிலோவுக்கு மேல் வைக்கமாட்டேன், எத்தனை கார்பன் போட்டிருந்தாலும்.

ஜூன் 13, காலை 7:05, பல்சக்கரம்

தாவும் விஷயம். ஸ்டாருக்கு அடியில் கிண்ணம் மாதிரி வளைந்த ஸ்பிரிங் வாஷர் இருக்கும். எத்தனை இருக்கு, எந்தப் பக்கம் பார்த்து இருக்கு? ஒன்றே ஒன்று என்றால் அது சீக்கிரம் தட்டையாகிவிடும், அதற்குப் பிறகு ஸ்டார் நேராக இரும்பையே அழுத்துகிறது, கால் சுற்றுக்கு ஆறு கிலோ தாவும். இரண்டு வைத்து, இரண்டு கிண்ணத்தின் வாயும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி எதிரெதிராக அடுக்கினால் பயணம் இரட்டிப்பாகும், டிராக் மெல்ல ஏறும். ஒரே திசையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் விறைப்புதான் கூடும், பயணம் கூடாது. உயரம் கூடி ஸ்டார் கைப்பிடியில் இடித்தால், ஸ்பிரிங்குக்கும் ஸ்டாருக்கும் நடுவில் இருக்கும் குழாயை அதற்கேற்பத் தேய்த்துக் குறைக்கணும். ஒரு தேய்ப்பு, ஒரு அளவு. ஒரேயடியாகத் தேய்த்தால் திரும்ப வளராது.

ஜூன் 13, இரவு 9:50, மணல்மேடு

ஒன்றுதான் இருந்தது. இரண்டாக்கினேன். இப்போது மூன்றிலிருந்து ஏழு வரை கிட்டத்தட்ட முக்கால் சுற்று. ஐந்தில் நிற்கிறது. புறப்படும் எண் 5.3.

ஜூன் 13, இரவு 10:10, பல்சக்கரம்

நல்லது. ஸ்டாரின் ஒரு கையில் நகப்பூச்சு வைத்து, அதற்கு நேராகப் பக்கத் தட்டில்... இல்லை, வேண்டாம். எழுதும்போதே தப்பு தெரிகிறது. ஸ்டார் ஸ்லீவோடு, கைப்பிடியோடு சுற்றும், பக்கத் தட்டுக்கு நேராக வைத்த குறிக்கு அர்த்தமில்லை. குறியைக் கைப்பிடித் தண்டில் வைங்க. ஸ்டாரின் குறியும் தண்டின் குறியும் நேராக வந்தால் ஐந்து கிலோ. அதுவும் அந்தப் பயணத்துக்கு மட்டும். ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும்முன் தராசில் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்க. கிரீஸ் பரவும், ஸ்பிரிங் தளரும், குறி பொய் சொல்லும்.

ஜூன் 14, காலை 8:15, பல்சக்கரம்

உப்புக்காத்து தனியாகக் கேட்டது, எல்லாருக்கும் உதவும்: எந்த மீனுக்கும் அதே ஐந்துதானா? இல்லை. வஞ்சிரம் முதல் ஓட்டத்தில் பறக்கும், வாய்ச்சதை கிழிந்து கொக்கி கழலும். மூன்று, மூன்றரையில் ஆரம்பித்து, ஓட்டம் அடங்கிய பிறகு ஏற்றலாம். களவா தலைகீழ். கடித்தவுடன் பாறைப் பொந்துக்குத் திரும்பும், முதல் இரண்டு மீட்டரில் தீர்ப்பு. அதற்கு ஆறு, ஏழு என்று வைத்து, அடியிலிருந்து கிளம்பியதும் இறக்கணும். சூரைக்கு ஐந்து சரி, அது ஆழத்துக்கு இறங்கி வட்டமிடும்போது பொறுமைதான் வேலை செய்யும்.

மீன் ஓடும்போது ஸ்டாரைத் தொடாதீங்க. கூடுதல் பிடி வேண்டுமென்றால் ஸ்பூல் விளிம்பில் கட்டைவிரல், லைனின்மேல் இல்லை. பிரெய்டின்மேல் விரல் வைத்தால் தோல் உரியும்.

ஜூன் 14, காலை 8:40, பல்சக்கரம்

சூடு பற்றி ஒரு வரி. ஐந்து கிலோ இழுப்பில் மீன் வினாடிக்கு எட்டு மீட்டர் ஓடினால் வாஷரில் பிறக்கும் சூடு ஏறத்தாழ 390 வாட். 750 வாட் இஸ்திரிப் பெட்டியில் பாதிக்கு மேல், உள்ளங்கையில் அடங்கும் கியருக்குள்ளே. பழைய நார் வாஷர் கருகி வழுக்கியது இதனால்தான். கார்பன் இதைத் தாங்கும். ஓட்டம் முடிந்ததும் ரீலைத் தண்ணீரில் முக்கிக் குளிர வைப்பது மட்டும் வேண்டாம், உப்பு நேரே அடுக்குக்குள் போகும்.

ஜூன் 15, மாலை 5:30, மணல்மேடு

ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டதால் நாய்க்குட்டியையும் மாற்றணும் என்கிறார்களே? டாக், கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்கும் நாக்கு.

ஜூன் 15, மாலை 6:20, உப்புக்காத்து

டாக் என்று ஏன் பேர் வைத்தார்கள்? கடித்தால் விடாது என்பதால்.

ஜூன் 15, இரவு 9:00, பல்சக்கரம்

கடிக்கணும், அதுதான் அதன் வேலை. மீன் இழுப்பது ஸ்பூலிலிருந்து பினியன், கியர், வாஷர், ஸ்லீவ், ஸ்லீவின் பல் என்று வந்து கடைசியில் இந்தச் சின்ன நாக்கில் நிற்கிறது. ஜிக்மாஸ்டரில் ஒன்றே ஒன்று. ஐந்து கிலோவுக்கு நல்ல நிலையில் இருக்கும் பழைய டாக் தாங்கும். எடுத்துப் பாருங்க: முனை கூர்மையாக, சதுரமாக இருக்கணும். உருண்டிருந்தால் மாற்றுங்க. அதன் ஸ்பிரிங்கையும் சேர்த்து, விலை ஒன்றுமில்லை.

டாக்கில் கிரீஸ் வைக்காதீங்க. கெட்டிக் கிரீஸ் குளிரில் இறுகி நாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால், மீன் இழுக்கிறபோது கைப்பிடி பின்பக்கமாகச் சுழலும். விரல் முட்டி போகும். ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

ஜூன் 15, இரவு 9:25, பல்சக்கரம்

இதையும் சொல்லிவிடுகிறேன், திறந்து வைத்திருக்கும்போதே பாருங்க. கியர் கிண்ணத்தில் காது வாஷர் உட்காரும் வெட்டு. பித்தளைக் கியரில் காது மோதி மோதிக் குழி விழும். குழி விழுந்தால் காது அதில் சிக்கி, வாஷர் மேலும் கீழும் நகராது, ஸ்டாரைத் தளர்த்தினாலும் அடுக்கு தளராது. ஊசி அரத்தால் குழியின் ஓரத்தைச் சமமாக்கலாம். ஆழமாக இருந்தால் கியரை மாற்றுவதே மேல்.

ஜூன் 17, காலை 7:45, மணல்மேடு

கடலுக்குப் போகாத நாளில் ஸ்டாரை எப்படி வைப்பது? முறுக்கியா, தளர்த்தியா?

ஜூன் 17, காலை 8:10, பல்சக்கரம்

கழுவும்போது முறுக்கி, அலமாரியில் வைக்கும்போது முழுக்கத் தளர்த்தி. முறுக்கினால் தண்ணீர் அடுக்குக்குள் போக இடம் குறையும். குழாயை நேராகப் பீச்சாமல் மெல்லத் தூவணும். கார்பன் அழுத்தத்தில் தோல் மாதிரி கெட்டியாகிப் போகாது, ஆனால் ஸ்பிரிங் வாஷர் மாதக்கணக்கில் தட்டையாகக் கிடந்தால் தட்டையாகவே பழகிவிடும். உங்கள் முக்கால் சுற்று மறுபடியும் கால் சுற்றாகும்.

ஜூன் 21, இரவு 8:30, மணல்மேடு

இன்று கிளம்பும்முன் இழுத்துப் பார்த்தேன். புறப்பாடு 5.2, ஓட்டம் 4.9. குறியிலிருந்து ஸ்டாரை ஒரு நூல் கூட்டினேன், 5. கட்சியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், முழுதாக இல்லை, முக்கால்வாசி. ஸ்பூல் விளிம்பில் இருக்கிற நகப்பூச்சுப் புள்ளியைத் துடைத்துவிடலாமா? வீட்டில் கேட்கிறார்கள் பாட்டில் எங்கே என்று.

ஜூன் 21, இரவு 8:50, பல்சக்கரம்

துடைக்காதீங்க. லைன் போகும்போது அந்தப் புள்ளி சுற்றுகிறதா என்று ஒரு கண் வைத்திருங்க. பாட்டிலுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.